ஆகஸ்ட் லீவுக்கு புள்ளைங்களோட கிழக்குக் கடலோரம்: மலைநாட்டுல இருந்து வேன்ல போக ஐடியா சொல்லுங்க

கொட்டகலை_அம்மா
எல்லாருக்கும் வணக்கம். ஆகஸ்ட் லீவுக்கு குடும்பத்தோட கடல் பக்கம் போகலாம்னு இருக்கோம். மூணு புள்ளைங்க, 11, 7, 4 வயசு, கூட எங்க அம்மாவும் வாறாங்க. மாமா மகன்கிட்ட வேன் இருக்கு, அவரே ஓட்டுவாரு. பெரியவ மட்டும் ஸ்கூல் ட்ரிப்ல போயி காலிமுகத்திடல்ல கடல பாத்திருக்கா, அதுவும் தூர நின்னு, தண்ணில கால் வைக்க விடல. மத்த ரெண்டும் கடலையே பாத்ததில்ல. சுத்திவர கடல் இருக்குற நாட்டுல பொறந்துட்டு எங்க தோட்டத்துப் புள்ளைங்க பாதிப்பேர் கடல படத்துல தான் பாக்குதுங்க, அது எனக்கு ரொம்ப நாளா மனசுல இருக்கு. அதனால இந்த வருஷம் எப்படியும் போறது.

நாலஞ்சு நாள் தான் இருக்கு, வீட்டுக்காரருக்கு அதுக்கு மேல லீவு இல்ல. நடுவுலவன் வளைஞ்ச ரோட்ல பத்து நிமிஷத்துல வாந்தி எடுப்பான். அம்மாவுக்கு உகந்தை முருகன கும்புடணும். எந்தப் பக்கம் போறது, எங்க தங்குறது, சின்னவ எறங்கி வெளாட எந்தக் கடல் நல்லம், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஹட்டன்_பயணி
அக்கா, வேன் இருக்குன்னா ஏன் ஒரே எடத்துல நிக்கிறீங்க, ஒரு ரவுண்டே அடிச்சிரலாம். எல்ல வழியா எறங்கி அறுகம்பே, அப்புறம் மட்டக்களப்பு, பாசிக்குடா, திருகோணமலை, தம்புள்ள, கண்டி, வீடு. அஞ்சு நாள்ல முடியும். இல்லன்னா தெக்குப் பக்கம் தங்காலை, மிரிஸ்ஸ. திமிங்கிலமும் பாக்கலாம், ரோடும் நல்லா இருக்கு.

பண்டாரவளை_வீல்
தம்பி கோவிச்சுக்காதீங்க, ரெண்டுமே புள்ளைங்களுக்கு சரிவராது. மொதல்ல தெக்குப் பக்கம். மே மாசத்துல இருந்து செப்டெம்பர் வரைக்கும் தென்மேல் பருவக்காத்து, நம்ம ஹட்டன் பக்கம் மழை கொட்டுற அதே காத்து தான் மிரிஸ்ஸ, உனவட்டுன கடலையும் கொந்தளிக்க வைக்குது. அங்க திமிங்கிலம் பாக்குற சீசன் நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும். ஆகஸ்ட்ல போனா புள்ளைங்க கரையில ஒக்காந்து அலைய வேடிக்க பாத்துட்டு வரணும். அதே காத்து மலையத் தாண்டி கிழக்குப் பக்கம் எறங்குறப்ப ஈரமெல்லாம் இங்கயே கொட்டி முடிஞ்சிரும், அதனால தான் நமக்கு குடை, அங்க நல்ல வெயிலு. ஆகஸ்ட்னா கிழக்கு, டிசம்பர் கடைசின்னா தெக்கு, இத மட்டும் மனசுல வச்சிக்கிட்டா போதும்.

ரெண்டாவது அந்த ரவுண்டு. மட்டக்களப்புல இருந்து திருகோணமலைக்கே கிட்டத்தட்ட 130 கிலோமீட்டர் இருக்கு, அங்கயிருந்து கண்டி வழியா கொட்டகலைக்கு ஏறணும்னா ஒரு முழு நாள் போயிரும். நாலு வயசுப் புள்ள அஞ்சு நாள்ல மூணு நாள் வேனுக்குள்ளயே கெடக்கும். கடல் பாக்க வந்த புள்ளைக்கு கடல் கெடைக்கணும், சீட் கெடைச்சு என்ன பிரயோசனம்? நான் சொல்றது இது தான்: அறுகம்பே, பாசிக்குடா, ரெண்டே எடம், ரெண்டு எடத்துலயும் ரெண்டு ரெண்டு ராத்திரி, திருகோணமலைய இன்னொரு லீவுக்கு வச்சிருங்க.

ஹட்டன்_பயணி
கோணேஸ்வரம் போகாம எப்படிண்ணே, அம்மா வாறாங்கன்னு சொல்றாங்களே. சுவாமி மலையில ஏறி கடல பாக்குறது மாதிரி ஒரு எடம் இந்த நாட்டுல கெடையாது. கோட்டைக்குள்ள மான் கூட்டம் புள்ளைங்க பக்கத்துலயே நடக்கும், கன்னியாவுல ஏழு சுடுதண்ணிக் கெணறு, நிலாவெளியில இருந்து போட்ல புறாத்தீவு, முருகைக்கல்லு, மீனு... இதையெல்லாம் விட்டுட்டு போறதா?

பண்டாரவளை_வீல்
அதையெல்லாம் விடச் சொல்லல தம்பி, நீங்க சொன்ன லிஸ்ட்டே நாலு நாள் வேலை. கோணேஸ்வரத்துக்கு ஓடிப்போயி அர்ச்சன வச்சிட்டு ஓடிவாறதுக்கு அம்மாவுக்கும் மனசு ஒப்பாது. அடுத்த வருஷம் திருகோணமலைக்குன்னே தனியா ஒரு ட்ரிப் போடட்டும்.

கொட்டகலை_அம்மா
நீங்க சொல்றது எனக்கு சரியா படுது அண்ணே. அம்மாகிட்டயும் கேட்டேன், உகந்தை போனா போதும், கோணேஸ்வரம் பொறவு பாத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க. அப்ப எறங்குற ரோட்ட பத்தி சொல்லுங்க, மகன நெனச்சா தான் பயமா இருக்கு.

பண்டாரவளை_வீல்
நுவரெலியா, வெலிமட, பண்டாரவளை, எல்ல, வெல்லவாய, புத்தள, மொனராகலை, சியம்பலாண்டுவ, லாகுகல, பொத்துவில். அறுகம்பே பொத்துவில் பக்கத்துல தான். நுவரெலியாவுல இருந்து கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர், புள்ளைங்களோட நின்னு நின்னு போனா ஏழு எட்டு மணித்தியாலம் எடுக்கும். வளைவெல்லாம் வெல்லவாயோட முடிஞ்சிரும், அதுக்கப்புறம் ஏ4 ரோடு, நேரா போகும், மகன் தூங்கிருவாரு.

கவனம் வேண்டியது எல்ல – வெல்லவாய துண்டு. 27 கிலோமீட்டர் போலத் தான், ஆனா 1000 மீட்டர் ஒயரத்துல இருந்து 200க்கு பக்கத்துல எறங்குது. 2025 செப்டெம்பர்ல ராவு நேரம் ஒரு பஸ் பள்ளத்துல பாஞ்சு 15 பேர் செத்தது இந்த ரோட்ல தான். மாமா மகன்கிட்ட சொல்லுங்க, ரெண்டாம் கியர்ல போட்டு இன்ஜின் புடிக்க புடிக்க எறங்கணும், பிரேக்குல கால வச்சிக்கிட்டே எறங்குனா பிரேக் சூடாகி பிடிக்காம போயிரும். ஓட்டோ கியர்னா L இல்லன்னா 2, ஹைபிரிட்னா B-ல போடணும். எரியிற வாசம் வந்தா ஒடனே ஓரமா நிப்பாட்டி அரமணித்தியாலம் ஆற விடுங்க, சக்கரத்துல தண்ணி ஊத்த வேணாம். போறதுக்கு ஒரு கெழமைக்கு முன்னயே பிரேக் ஷூ, பிரேக் ஒயில், டயர் மூணையும் கராஜ்ல காட்டிருங்க.

ராவணா எல்ல நீர்வீழ்ச்சி ரோட்டோரத்துலயே இருக்கு, எறங்கி கால் நீட்டலாம், ஆனா தண்ணிக்குள்ள எறக்க வேணாம், பாறை வழுக்கும். கொரங்கு கையில இருக்குற பன்ன பிடுங்கிட்டு போகும், சின்னவள தூக்கிக்கோங்க.

பதுளை_நர்ஸக்கா
தங்கச்சி, மகனோட வாந்திக்கு. வெறும் வயித்துலயும் ஏத்தாதீங்க, வயிறு முட்டவும் குடுக்காதீங்க. வெள்ளன கெளம்புறப்ப ரெண்டு க்ரீம் கிரேக்கர், பால் போடாத பிளேன்டி போதும். முன் சீட்டுக்கு பின்னால நடுவுல ஒக்கார வச்சி தூரத்த பாக்கச் சொல்லுங்க, போன் குடுக்கவே கூடாது, போன பாத்துக்கிட்டு வளைவுல போனா பெரியவங்களுக்கே தலை சுத்தும். மாத்திர வேணும்னா வயசு, எடை சொல்லி டொக்டர்கிட்ட கேட்டு வாங்கி, சொன்ன நேரத்துக்கு முன்னயே குடுத்துரணும், வாந்தி ஆரம்பிச்சதுக்கு அப்புறம் குடுத்து பலனில்ல.

அதவிட முக்கியம் வெயில். நுவரெலியா 1868 மீட்டர். 1000 மீட்டர் எறங்குனா கிட்டத்தட்ட 6 டிகிரி கூடும், அப்ப கடல் மட்டத்துக்கு வந்து சேர்றப்ப வெறும் ஒயரத்துக்கே 11, 12 டிகிரி வித்தியாசம். ஸ்வெட்டரோட ஏறுன புள்ளை பொத்துவில்ல எறங்குறப்ப அதுட ஒடம்பு அதுக்கு பழகியிருக்காது. மொத நாள் சின்னவ மூஞ்சி செவந்து சோந்து போவா. காலையில 10 மணிக்கு முன்ன, பின்னேரம் மூணரைக்கு அப்புறம், அந்த ரெண்டு நேரம் தான் கடல். நடுப்பகல்ல ரூம்ல ஃபேனப் போட்டு தூங்க வைங்க. நீளக் கை டீ சேர்ட்டோடயே தண்ணில எறக்குங்க, தொப்பி, காதுக்கும் கழுத்துக்கும் கிரீம். ஜீவனி (தண்ணில கரைச்சு குடிக்கிற உப்பு சீனித் தூள்) பைக்கட் அஞ்சாறு எடுத்துக்கோங்க, பைக்கட்ல போட்டிருக்கிற அளவு தண்ணில தான் கரைக்கணும், கொஞ்சமா ஊத்தி கெட்டியா குடுக்கக் கூடாது. ஒண்ணுக்கு மஞ்சளா போனா தண்ணி பத்தலன்னு அர்த்தம். வேர்க்குருவுக்கு பருத்திச் சட்ட, நுளம்புக்கு பூசுற கிரீம். ஏதும் அவசரம்னா 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ், காசில்ல, எங்கயிருந்தும் எடுக்கலாம்.

கல்லடிக்காரன்
நான் மட்டக்களப்பு. மலையகத்துல இருந்து பிள்ளைகளக் கூட்டிக்கொண்டு வாறீங்கள் எண்டு வாசிக்கவே சந்தோசமா இருக்கு தங்கச்சி, கட்டாயம் வாங்க. ஆகஸ்ட்ல இஞ்ச கச்சான் காத்து இருக்கும், மலையால எறங்கி வாற சுடுகாத்து, பகல்ல வெளியில நிக்கேலாது. பின்னேரத்துல கடல் காத்து திரும்பினாப் போதும், கரையெல்லாம் சனம். நர்ஸக்கா சொன்ன நேரம் தான் எங்கட பிள்ளைகளும் கடலுக்குப் போற நேரம்.

இப்ப கடல். எல்லாக் கடலும் ஒண்டில்ல. அறுகம்பே சேர்ஃப் அடிக்கிற கடல், அலை பெரிசு. வளைவுக்குள்ள தோணிகள் நிக்கிற பக்கம் அமைதியா இருக்கும், அங்க காலை நனைக்க விடலாம். 11 வயசுப் பிள்ளைக்கு விருப்பமெண்டா பேபி பொயின்ட் எண்டு சின்ன அலை அடிக்கிற இடத்துல ஆளப் போட்டு சேர்ஃப் பழக்குவாங்க. பொத்துவில் களப்புல தோணியில போய் கண்டல் காடு பாக்கலாம், நல்லா இருக்கும், ஆனா களப்புல முதலை கிடக்கு, கை காலத் தண்ணிக்க விடக்கூடாது.

நாலு வயசுக்கு பாசிக்குடா தான். முருகைக்கல் மறிச்சி நிக்கிறதால அலை உள்ளுக்கு வராது, கனதூரம் நடந்து போனாலும் இடுப்புக்குத் தான் தண்ணி. அடி முழுக்க மணல். ரெண்டு ராத்திரிய அங்க வையுங்க. ஒரு விசயம், மோட்டர் போட், ஜெட் ஸ்கீ ஓடுற பக்கம் போகாம கயிறு கட்டின பக்கமா நில்லுங்க. ஆழமில்லை எண்டு சொல்லி பெரியாக்கள் கரையில இருந்து கதைச்சிக்கொண்டு இருக்கிறது தான் கூடாது. முழங்கால் தண்ணியும் நாலு வயசுக்கு ஆழம் தான்.

லிந்துல_தாத்தா
நல்ல பேச்சு நடக்குது. ஒரு சொல்லு நானும் சொல்றேன். புள்ளைங்கள மொத மொத கடல்ல எறக்குறப்ப அவசரப்படுத்தாதீங்க. எங்க பேரன் அலை சத்தத்துக்கே பயந்து அழுதான், எல்லாரும் தூக்கிட்டு ஓடினாங்க, நான் வேணாம்னு சொல்லி மணல்ல கூட ஒக்காந்து குழி தோண்டிக்கிட்டு இருந்தேன், அலை வந்து குழிய நெரப்புச்சி, திரும்ப தோண்டினான், திரும்ப நெரப்புச்சி, கொஞ்ச நேரத்துல அவனாவே தண்ணிகிட்ட போயிட்டான். மொத நாள் பின்னேரத்த இதுக்குன்னே விட்டுருங்க, வேற எதும் போட்டுக்காதீங்க.

கொட்டகலை_அம்மா
தாத்தா அப்படியே மனசுல நிக்குது, கட்டாயம் செய்றேன். கல்லடி அண்ணே, உகந்தைக்கு அறுகம்பேயில இருந்து போயிட்டு வரலாமா? யானை இருக்குமாமே.

கல்லடிக்காரன்
போகலாம். பாணமை வரைக்கும் நல்ல ரோட்டு, அதுக்குப் பிறகு மண் ரோட்டு, காடு. விடிய வெளிக்கிட்டு கும்பிட்டுட்டு பகலுக்கு முதல் திரும்பிருங்க. கோயில் கடலோரப் பாறையில, கும்பிட்டுட்டு கடலையும் பாக்கலாம், ஆனா அந்தக் கடல்ல பிள்ளைகள இறக்க வேணாம். குமண சரணாலயத்துக்குப் போற வாசலும் அதுல தான் இருக்கு. ஆடியில உகந்தைத் திருவிழா, கதிர்காமத்துக்கு நடந்து போற ஆக்களும் அந்தக் காட்டால தான் போவாங்க. ஆடி அமாவாசைக்கு திருக்கோவில் ஊர்க் கோயில், மட்டக்களப்பு மாமாங்கம் கோயில் ரெண்டு இடத்துலயும் தீர்த்தம், அந்த நாட்கள்ல மட்டக்களப்புல ரூம் கிடைக்கிறது கஸ்டம், பஞ்சாங்கத்தப் பாத்துட்டு திகதி போடுங்க. அம்மாவுக்கு தீர்த்தம் ஆடோணும் எண்டா அதே நாளப் புடிக்கலாம், ஆனா முன்கூட்டியே புக் பண்ணோணும்.

பண்டாரவளை_வீல்
யானைன்னதும் இதையும் சொல்லணும். லாகுகல குளத்துல ஆகஸ்ட், செப்டெம்பர்ல தண்ணி வத்துறப்ப யானைக் கூட்டம் ரோட்ல இருந்தே தெரியும், புள்ளைங்களுக்கு டிக்கட் இல்லாத சபாரி. வேன விட்டு எறங்கக் கூடாது, சாப்பாடு எறியக் கூடாது, ஹோன் அடிக்கக் கூடாது. பின்னேரம் அஞ்சு மணிக்கு மேல அந்த ரோட்ல இருக்கவே வேணாம். வெயிலுக்கு பயந்து சிலபேர் ராவுல எறங்கலாம்னு சொல்வாங்க, மேல பனிமூட்டம், நடுவுல பள்ளம், கீழ யானை. விடிய அஞ்சு மணிக்கு கெளம்புனா பின்னேரம் ரெண்டு மணிக்குள்ள பொத்துவில்ல இருப்பீங்க.

கல்முனை_வெயில்
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். பொத்துவில்ல இருந்து மட்டக்களப்பு 110 கிலோமீட்டர் போல வரும், ஆனா நீங்க நெனைக்கிற வேகத்துல வரேலாது, ஊர் மேல ஊர். அக்கரைப்பற்று, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, களுவாஞ்சிக்குடி, காத்தான்குடி. ஆகஸ்ட்ல சிறுபோக நெல்லு வெட்டுற நேரம், ரோட்டோரத்துல நெல்லு காயப் போட்டிருப்பாங்க, மாடும் குறுக்க வரும், மெல்ல வாங்க. வெள்ளிக்கிழம ஜும்மா நேரம் எங்கட ஊர்க் கடைகள் பூட்டியிருக்கும், அன்டைக்கு வந்தா பகல் சாப்பாட்ட முன்கூட்டியே முடிச்சிருங்க. புள்ளைகளுக்கு சட்டித் தயிர் வாங்கிக் குடுங்க, எருமைத் தயிரு, மேல கித்துள் பாணி. காரைதீவு விபுலானந்த அடிகளார் 1892ல பொறந்த ஊர், பெரிய மகள்ட சொல்லிக் காட்டுங்க, ஸ்கூல்ல படிச்சிருப்பா.

பசறை_தம்பி
அக்கா திரும்பி வாறதுக்கு அதே ரோட்ல வராதீங்க. நுவரெலியா டவுனுக்குள்ளால போற நம்ம ஏ5 ரோடு இருக்கே, அது பேராதனையில தொடங்கி பதுளை, பசறை, லுணுகல, பிபிலை, மஹாஓயா போயி செங்கலடியில தான் முடியுது. பாசிக்குடாவுல இருந்து செங்கலடி கிட்ட தான். மஹாஓயாவுல சுடுதண்ணிக் கெணறு இருக்கு, திருகோணமலை கன்னியா பாக்காத கொறைய அதுல தீத்துக்கலாம், சில கெணறு ரொம்ப சூடு, புள்ளைங்க கைய விடாம பாத்துக்கோங்க. பிபிலை வரைக்கும் மகனுக்கு கஷ்டம் இருக்காது, அதுக்கப்புறம் லுணுகல, பசறை ஏத்தம் ஒடுங்கலா வளைவா இருக்கும், ஏறுற நேரம் வெளிச்சத்துல ஏறிருங்க. பகல் சாப்பாட்டுக்கு பதுளைக்கு வந்துரலாம்னு நெனச்சி வெள்ளன கெளம்புனா சரியா இருக்கும்.

கொட்டகலை_அம்மா
இது ரொம்ப நல்லா இருக்கு தம்பி. அப்ப போறது எல்ல, வாறது பதுளை. ரெயில்ல போறதுக்கும் கேட்டேன், பதுளை லைன்ல இருந்து மட்டக்களப்புக்கு நேரா இல்லையாமே, பொல்காவெல, மாஹோன்னு மாறி மாறி போகணுமாம், மூணு புள்ளைங்களோட வேணாம்னு விட்டுட்டோம். கல்லடி அண்ணே, மட்டக்களப்பு டவுன்ல ஒரு அரை நாள் நிக்கலாமா? பெரியவ பாடும் மீன் பாடும் மீன்னு ஒரே நச்சரிப்பு.

கல்லடிக்காரன்
நிக்கோணும். கோட்டை பாருங்க, 1628ல போர்த்துக்கீசர் கட்டினது, பத்து வருசத்துல ஒல்லாந்தர் புடிச்சிட்டாங்க, வாவிக் கரையில தான் இருக்கு. பாடும் மீன் கல்லடிப் பாலத்தடியில, பூரணை ராவுல தோணியில போய் துடுப்ப தண்ணிக்க விட்டு மற்றப் பக்கத்த காதுல வச்சாத் தான் கேக்கும் எண்டு பெரியாக்கள் சொல்லுவாங்க. உங்கட நாளுக்கு பூரணை வந்தா கேட்டுப் பாருங்க. பாலமீன்மடு வெளிச்சவீடு 1913ல கட்டினது, பின்னேரம் போனா பிள்ளைகள் ஓடி விளையாட இடம் இருக்கு.

அந்தக் கரையெல்லாம் 2004 டிசம்பர் 26ல சுனாமி அள்ளின கரை. கல்லடி, நாவலடியில நினைவுத் தூபி இருக்கு. பெரிய பிள்ளைக்கு 11 வயசு தானே, பயப்படுத்தாம சொல்லிக் குடுங்க: நிலம் நடுங்கினா, கடல் திடீரெண்டு உள்வாங்கினா, வேடிக்கை பாக்காம கரைய விட்டு உள்ளுக்கு ஓடோணும். எங்கட பிள்ளைகளுக்கு இத நாங்க எழுத்துக்கு முதல் சொல்லிக் குடுக்கிறம்.

கொட்டகலை_அம்மா
கட்டாயம் சொல்றேன் அண்ணே. கடைசியா ஒண்ணு. புள்ளைங்களுக்கு காத்தடிச்ச ரிங்கு, கையில மாட்டுற பலூன் மாதிரி இருக்கே, அதுக ஹட்டன் டவுன்ல கண்டேன். அது போதுமா?

கல்லடிக்காரன்
போதாது. கச்சான் காத்து கரையில இருந்து கடலுக்குள்ள தான் அடிக்கும். ரிங்குல இருக்கிற பிள்ளைய நீங்க திரும்பிப் பாக்கிறதுக்குள்ள தள்ளிக்கொண்டு போயிரும். கை பலூனும் கழண்டு போகும். ரெண்டு தொடைக்கு இடையால வார் போட்டு இறுக்கிற லைஃப் ஜக்கெட், அவங்கட நிறைக்கு ஏத்தது, அது வாங்குங்க. எங்க போனாலும் அந்த இடத்து மீன்பிடிகாரர்ட கேளுங்க, இண்டைக்கு இதுல இறங்கலாமோ எண்டு, அவங்க வேணாம் எண்டா வேணாம். சிவப்புக் கொடி இருந்தா இறங்கவே கூடாது. உங்கள இழுவைத் தண்ணி இழுத்தா கரைய நோக்கி எதிர்த்து நீந்தாம கரைக்கு சமாந்தரமா பக்கவாட்டில நீந்தி, இழுவை விட்ட பிறகு கரைக்கு வாங்க. நீந்தத் தெரியாட்டி மிதந்துகொண்டு கையத் தூக்கிக் காட்டுங்க. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியாள், கை எட்டுற தூரத்துல. உங்களிட்ட நீங்க, வீட்டுக்காரர், மாமா மகன் எண்டு மூண்டு பேர் இருக்கிறீங்க, மூண்டு பிள்ளை, கணக்கு சரி.

பதுளை_நர்ஸக்கா
அம்மாவ கணக்குல சேக்காம விட்டது சரி, அவங்க நெழல்ல ஒக்காந்து துவாயும் மாத்துத் துணியும் வச்சிருக்கட்டும். தங்கச்சி, அம்மாவுக்கு பிரஷர் மாத்திர, சீனி மாத்திர ஏதும் இருந்தா ட்ரிப் முடியிற வரைக்கும் உள்ளத எண்ணி கைப்பையில வைங்க, வேன் டிக்கில வெயில்ல வைக்காதீங்க.

கொட்டகலை_அம்மா
பிரஷர் மாத்திர இருக்கு அக்கா, கைப்பையிலயே வைக்கிறேன். லைஃப் ஜக்கெட்டுக்கு நாளைக்கே நுவரெலியா போறோம். வேன கராஜ்ல விடுறதுக்கு மாமா மகன் வாற செவ்வாக்கிழம நேரம் எடுத்திட்டாரு. பாசிக்குடாவுல கடலுக்கு நடந்து போற தூரத்துல, சமைக்கிறதுக்கு குசினி உள்ள ரூம் யாருக்கும் தெரிஞ்சா இன்பொக்ஸ்ல போடுங்க.